ஹெல்மெட்டுக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு ஐந்தரை மாதம். பிடரியில் வலப்பக்கம் தட்டை. வலது காது இடது காதைவிடச் சற்று முன்னால் தள்ளித் தெரிகிறது. படுக்கப் போட்டால் எப்போதும் வலப்பக்கமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தவர்கள் தலையைக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்ததில் மூலைவிட்ட வித்தியாசம் 10 மில்லிமீட்டர் என்று சொல்லி, தலை வடிவைத் திருத்த மாட்டும் ஹெல்மெட்டுக்கு இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பாலக்காட்டில் பார்க்கும் குழந்தை மருத்துவர் தானே சரியாகிவிடும் என்கிறார். உருக்கு வெளிச்செண்ணெய் (காய்ச்சி எடுத்த தேங்காயெண்ணெய்) தேய்த்து நன்றாக உருட்டினால் போதும் என்கிறார் உங்கள் மாமியார். போடலாமா வேண்டாமா என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் வரிகளுக்கு நடுவில் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன: காத்திருந்தால் காலம் கடந்துவிடுமா, விட்டுவிட்டால் மூளைக்கு ஏதாவது ஆகுமா, இது என் தவறா?

கடைசி இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தோடு எடுக்கும் முடிவு சரியாக வராது. படுக்கும் நிலையால் வரும் தட்டை மூளையை நெருக்குவதில்லை. மண்டையின் கொள்ளளவு குறைவதில்லை, ஒரு பக்கம் அமுங்கும்போது இன்னொரு பக்கம் புடைத்து இடம் கொடுக்கிறது. தலை தட்டையான குழந்தைகள் சில ஆய்வுகளில் உடலசைவு வளர்ச்சியில் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருப்பது உண்மை. ஆனால் குறைவாக அசையும் குழந்தை ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், அதனால் தலை தட்டையாகும் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். ஹெல்மெட் போட்டதால் வளர்ச்சி மாறியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஹெல்மெட் தோற்றத்துக்கான சிகிச்சை. தோற்றம் அற்பமான விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை மூளையைக் காட்டிப் பயமுறுத்தி விற்கக்கூடாது.

தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் சொன்னது. தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அதன் பிறகு அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதோடு கூடவே தட்டைத் தலைகளும் பெருகின. உயிரைக் காக்கும் பழக்கத்தின் பக்கவிளைவு இது. நீங்கள் மல்லாக்கப் படுக்க வைத்தது சரி. இனியும் அப்படித்தான் படுக்க வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக் கோடுகளில் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வது வேறொரு நோய். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். அதற்கு ஹெல்மெட் மட்டும் பலிக்காது, அறுவை சிகிச்சை வேண்டும். கீறல் குறைந்த அறுவைக்குப் பிறந்த முதல் சில மாதங்களே ஏற்றவை என்பதால் அதைத் தவறவிடக்கூடாது. குழந்தையின் முடியை நனைத்துப் படிய வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். படுத்துப் படுத்து வந்த தட்டை என்றால் தலை ஓர் இணைகரம்போல் இருக்கும்: பிடரியில் வலப்பக்கம் தட்டை, அதே பக்கத்துக் காது முன்னால், அதே பக்கத்து நெற்றியும் கொஞ்சம் முன்னால். மொத்தமாக ஒரு பக்கத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல. பிடரிப் பக்கத்து இணைப்பு மூடிக்கொண்டால் தலை சரிவகம்போல ஆகும். தட்டையான பக்கத்துக் காது பின்னாலும் கீழேயும் இழுபடும், காதுக்குப் பின்னால் எலும்பு முண்டாக நிற்கும், இணைப்புக் கோட்டில் வரப்பு மாதிரி கைக்குத் தட்டும். நீங்கள் எழுதியபடி காது முன்னால் வந்திருப்பது நல்ல அடையாளம். ஆனாலும் எழுத்தைப் படித்து நோயை முடிவு செய்ய முடியாது, ஒரு கை தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் குழந்தை மருத்துவரிடம் இந்த ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள்: "இணைப்புகளைத் தடவிப் பார்த்தீர்களா, உச்சிக்குழி சரியாக இருக்கிறதா, தலைச் சுற்றளவு வளர்ச்சிக் கோட்டிலேயே போகிறதா?" மூன்றுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் எக்ஸ்ரேவோ சி.டி. ஸ்கேனோ தேவையில்லை. சந்தேகம் என்றால் குழந்தைகள் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும், ஹெல்மெட் கடைக்கு அல்ல.

இனி வடிவம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்போம். இது பிடிபட்டால் மாமியாருக்கும் கோயம்புத்தூருக்கும் பதில் தானாகவே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ஆண் குழந்தையின் தலைச் சுற்றளவு நடுமதிப்பாகப் பிறக்கும்போது 34.5 செ.மீ., மூன்று மாதத்தில் 40.5, ஆறு மாதத்தில் 43.3, ஒரு வயதில் 46.1. முதல் மூன்று மாதத்தில் 6 செ.மீ., அடுத்த மூன்றில் 2.8, அதன்பின் ஆறு மாதங்கள் சேர்த்து 2.8. மூளை வளர வளர எலும்பு வெளியே தள்ளப்படுகிறது. எங்கே தடை இருக்கிறதோ அங்கே நிற்கிறது, எங்கே தடையில்லையோ அங்கே போகிறது. தடை என்பது பெரிய அழுத்தம் அல்ல, குழந்தையின் தலை எடைதான். ஆனால் நாளுக்கு 14 மணி நேரம். அதனால்தான் பத்து நிமிட உருட்டலால் எதுவும் ஆகாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை, குழந்தைக்கு அது பிடிக்கும். ஆனால் புடைத்த பக்கத்தை உள்ளங்கையால் அழுத்துவதும், உச்சிக்குழிக்கு மேல் கை வைத்து அமுக்குவதும் வேண்டாம். குளிப்பாட்ட வரும் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். கடுகுத் தலையணை, நடுவில் குழி வைத்த தலையணை எல்லாம் அதே காரணத்தால் பயனற்றவை, கூடவே மூச்சு முட்டும் ஆபத்தும் உண்டு. தலை வடிவத் தலையணைகளைக் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரித்தது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்திய வரி "எப்போதும் வலப்பக்கமே" என்பது. குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்பவர்கள் முதலில் பார்ப்பது தலையை அல்ல, கழுத்தை. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சரிவாக இறங்கும் தசை இடப்பக்கம் இறுகியிருந்தால், தலை இடப்பக்கம் சாயும், முகம் வலப்பக்கம் திரும்பும். தசை விடாதவரை குழந்தை வலப்பிடரியில்தான் படுக்கும். அந்த நிலையில் ஹெல்மெட் போட்டாலும் மூலகாரணம் அப்படியே இருக்கும். சோதிப்பது எளிது. அப்பா குழந்தையை முகம் வெளிப்பக்கம் பார்க்க மார்போடு அணைத்து நிற்கட்டும். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கூப்பிடுங்கள். அவன் உங்களைப் பார்த்ததும் அப்பா மெல்ல வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும். உங்களைத் தொடர்ந்து பார்க்க அவன் இடப்பக்கம் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். தாடை தோளுக்கு நேராக வருகிறதா? பாதியில் நின்று உடம்பையே திருப்புகிறானா, கண்ணை மட்டும் ஓட்டுகிறானா? அடுத்து மறுபக்கமும் செய்து ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நேரம், பசியில்லாத வேளையில் பாருங்கள். கழுத்து மடிப்பையும் விரித்துப் பாருங்கள்: இடப்பக்க மடிப்பு ஆழமாக, சிவந்து, வேர்வை அழுக்கு தங்கி இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. தசையில் சுண்டைக்காய் அளவில் கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த வகைக் கழுத்திறுக்கத்தில் அது வருவதுண்டு.

வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வேலை ஹெல்மெட் அல்ல, பிசியோதெரபி. நீட்டும் பயிற்சியை நேரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எழுத்தில் படித்துக் கழுத்தைத் திருகக்கூடாது. ஆனால் தூக்கும் முறையை இன்றே மாற்றலாம். குழந்தையை இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துத் தூக்குங்கள். உங்கள் முன்கை அவனுடைய இடக்காதுக்கும் இடத்தோளுக்கும் நடுவில் வரட்டும். இன்னொரு கை காலிடுக்கில் நுழைந்து வயிற்றைத் தாங்கட்டும். தலை தோளிலிருந்து விலகி மேலே எழும்பும், இறுகிய பக்கம் மெதுவாக நீளும். வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் இப்படியே நடக்கலாம். கட்டணம் யோசனையாக இருந்தால், ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாவட்ட அளவில் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையங்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்வார்கள். உடலசைவு வளர்ச்சியையும் அங்கேயே ஒருமுறை பார்த்துவிடலாம்.

கழுத்து நன்றாகத் திரும்பினாலும் இல்லாவிட்டாலும் நிலை மாற்றும் வேலை ஒன்றுதான். அவனுக்கு இடப்பக்கம் பார்க்கக் காரணம் வேண்டும். சுவர் அவனுடைய வலப்பக்கம் இருக்கட்டும். ஜன்னல், விளக்கு, நீங்கள் படுக்கும் இடம் எல்லாம் இடப்பக்கம் வரட்டும். தாய்மார்கள் இரவில் பழக்கத்தால் ஒரே பக்கம் படுப்பார்கள், குழந்தை பால் வாசனைக்கு அந்தப் பக்கமே திரும்பும். இந்த ஒன்றை மாற்றினாலே பல மணி நேரம் மிச்சம். இடம் மாற்றிப் படுக்க முடியாத வீடு என்றால், அவன் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றுங்கள். புட்டிப்பால் என்றால் கையை மாற்றிப் பிடித்துக் கொடுங்கள். சேலைத் தொட்டிலில் துணி குழிந்து, தலை எப்போதும் ஒரே பக்கமாக உருளும், தாடை மார்பில் படிந்து மூச்சுக்கும் இடைஞ்சல். அழுகையை ஆற்றக் கொஞ்ச நேரம் போட்டு, அசந்ததும் சமமான, கெட்டியான விரிப்புக்கு மாற்றிவிடுங்கள். விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது இதில் பெரிய பங்கு. ஐந்தரை மாதத்தில் நாள் முழுவதும் சேர்த்து ஒரு மணி நேரமாவது வர வேண்டும். பால் குடித்து அரை மணி கழித்து, ஐந்து பத்து நிமிடங்களாகப் பிரித்துச் செய்யுங்கள். சிணுங்கினால் துண்டைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே மார்புக்கு அடியில் வைத்துக் கைகளை முன்னால் எடுத்துவிடுங்கள், எதிரே நீங்களும் தரையில் படுத்து முகம் காட்டுங்கள். யாராவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், தூங்கிவிட்டால் மல்லாக்கப் போட வேண்டும். குப்புற விழவும் திரும்ப மல்லாரவும் தானே பழகிவிட்டால், தூக்கத்தில் அவனாகப் புரளும்போது நீங்கள் எழுந்து எழுந்து திருப்ப வேண்டியதில்லை. அங்கிருந்து தட்டையும் வேகமாகக் குறையத் தொடங்கும்.

இப்போது அந்த 10 மில்லிமீட்டர். நெற்றியின் ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கப் பிடரிக்கு அளந்தால் ஒரு மூலைவிட்டம், மறு மூலையிலிருந்து இன்னொன்று. ஒன்று 142, மற்றது 132 என்றால் வித்தியாசம் 10. அதைச் சதவீதமாக்க நீளமான கோட்டால் வகுப்பவர்களும் உண்டு (7.0), குட்டையானதால் வகுப்பவர்களும் உண்டு (7.6). ஆகவே இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். பரவலாகப் பயன்படும் அட்லாண்டா அளவுகோலில் அந்தச் சதவீதம் 3.5க்குக் கீழே இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. உங்கள் மகன் நடுத்தரத்தில் நிற்கிறான். நடுத்தரம் என்றால் அந்த அளவுகோலே நிலை மாற்றுவதையும் ஹெல்மெட்டையும் வயதைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளக்கும்போது குழந்தை திமிறினால் 2 மில்லிமீட்டர் தவறுவது சாதாரணம். ஒரே அளவு ஒன்றையும் சொல்லாது, நான்கு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது அளவுதான் பேசும்.

ஹெல்மெட் பலிக்கிறதா என்பதில் கை நிறையச் சான்று இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு நெதர்லாந்துடையது, 2014இல் வெளியானது. ஐந்து ஆறு மாதமான 84 குழந்தைகள், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தட்டை. பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பிரிவில் 26 சதவீதம், மற்றப் பிரிவில் 23 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தகுதியுள்ள குடும்பங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் குலுக்கலுக்குச் சம்மதித்தது. ஹெல்மெட் சரியாகப் பொருந்தவில்லை என்ற புகார்கள் அதிகம். மிகக் கடுமையான தட்டையும் கழுத்திறுக்கமும் உள்ள குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. ஆகவே "ஹெல்மெட் வீண்" என்று அதைக் காட்டி அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் பேரவையின் 2016 வழிகாட்டுதல், நிலை மாற்றமும் பிசியோதெரபியும் செய்த பிறகும் நடுத்தரமோ கடுமையோ மிஞ்சினால் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஒரே சான்றை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் படிக்கின்றன. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதில் ஓரளவு தெளிவு உண்டு: நியூசிலாந்தில் 200 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் நான்கு மாதத்தில் 19.7 சதவீதம் பேருக்குத் தட்டை, இரண்டு வயதில் 3.3 சதவீதம். பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைகிறது. ஆனால் "தானே சரியாகும்" என்பது கணக்கில் சரியே தவிர, உங்கள் மகனுக்கு முழுதாகச் சரியாகும் என்ற உறுதி அல்ல.

ஹெல்மெட் போட்டால் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே நுரை. புடைத்த இடத்தில் நுரை தொட்டு நிற்கும், தட்டையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும். அது அழுத்திப் பிதுக்குவதில்லை, வளர்ச்சியை அந்த வெற்றிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. வளர்ச்சி இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்குவதை விரும்புகிறார்கள், ஒரு வயதுக்குப் பிறகு பலன் மிகக் குறைவு. முதல் நாள் ஒரு மணி போட்டு ஒரு மணி கழற்றி, ஒரு வாரத்துக்குள் நாளுக்கு 23 மணி நேரத்துக்கு வர வேண்டும். தூக்கத்திலும் கழற்றக்கூடாது. இரவு மட்டும், பகல் மட்டும் என்று போட்டால் காசு வீண். மூன்று நான்கு மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் நுரையைச் சீவித் திருத்திக்கொண்டு வர வேண்டும். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்வரும் செலவையும் விடுப்பையும் விலையோடு கூட்டுங்கள். கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தலையைக் கழுவித் துடைத்து, ஹெல்மெட்டின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். தலைக்கு எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் கூடாது. சிவப்பு வந்து ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டாலோ, தோல் உரிந்தாலோ மாட்டாமல் போன் செய்ய வேண்டும். காய்ச்சல் என்றால் கழற்றி வைக்க வேண்டும்.

வெயில் இங்கே தனிக் கணக்கு. குளிர் நாடான நெதர்லாந்திலேயே ஹெல்மெட் பிரிவில் 96 சதவீதப் பெற்றோர் தோல் எரிச்சலையும், 71 சதவீதம் அதிக வேர்வையையும், 76 சதவீதம் துர்நாற்றத்தையும் சொன்னார்கள். குழந்தையை அணைத்துக்கொள்ளத் தடையாக இருந்தது என்றவர்கள் 77 சதவீதம். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் வேர்க்குருவும் பூஞ்சைப் புண்ணும் சேர்ந்தால் கழற்றி வைக்கும் நாட்கள் கூடும். 23 மணி நேரம் 15 ஆகும், பலனும் அந்த அளவுக்குக் குறையும். வெயில் காலத்தில் தொடங்குவதானால் இதைக் கோயம்புத்தூரில் வெளிப்படையாகக் கேளுங்கள்: "வேர்க்குருவால் பத்து நாள் போட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள், தலை வளர்ந்து பொருந்தாமல் போனால் இரண்டாவது ஹெல்மெட்டுக்கு மறுபடி பணமா?"

என் கருத்து இது. இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டாம். கழுத்தை ஒருவரிடம் நேரில் காட்டுங்கள், நான்கு வாரம் மேலே சொன்ன வேலையை விடாமல் செய்யுங்கள். அப்போதும் ஆறரை மாதம்தான் ஆகியிருக்கும், ஒரு வயதுக்குள் இன்னும் 2.5 செ.மீ. வளர்ச்சி மிச்சமிருக்கும். கதவு மூடிவிடாது. 10 மில்லிமீட்டர் 7 அல்லது 8 ஆகிவிட்டால் ஹெல்மெட் தேவைப்படாது என்றே சொல்வேன், அதே வேலையைத் தொடர்ந்தால் போதும். மாறாமல் நின்றால் அது உங்கள் விருப்பம்: போடுவதும் நியாயம், விடுவதும் நியாயம், தலைமுடி வளர்ந்தபின் அந்த அளவு தட்டை பிறர் கண்ணுக்கு அதிகம் படாது. 12, 13 என்று கூடினால், அல்லது நெற்றியும் கன்னமும் கோணலாகத் தொடங்கினால், கழுத்துப் பயிற்சியோடு சேர்த்து ஹெல்மெட் போடுவதையே நான் ஆதரிப்பேன். அப்போது ஏழு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இதே குழந்தை இன்று எட்டு மாதத்திலும் 15 மில்லிமீட்டரிலும் இருந்திருந்தால் நான்கு வாரம் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று மாலையே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடியை நனைத்து, அப்பா மடியில் உட்கார வைத்து, மூக்கு நுனி தெரியும்படி நேர் மேலிருந்து. இரண்டு காதும் படத்தில் விழ வேண்டும். ஸ்கேன் எடுத்த இடத்தில் வெறும் வித்தியாசத்தை மட்டும் வாங்காமல், இரண்டு மூலைவிட்டம், நீளம், அகலம், சுற்றளவு ஐந்தையும் எழுதி வாங்குங்கள். நான்கு வாரம் கழித்து அதே இடம், அதே கருவி, அதே ஆள் அளக்கட்டும். அன்று எடுக்கும் படத்தையும் ஐந்து எண்களையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.